குழந்தை உள்ளே, குடும்பம் வெளியே: என்.ஐ.சி.யு. நாட்களில் மன ஆதரவு என்றால் என்ன?

பிறந்த குழந்தையை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், வருகிறவர்கள் எல்லாம் "தைரியமா இரு கண்ணு, எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. குழந்தை எப்படி இருக்கிறது, எப்போது தொடலாம், அதற்காகத் தன்னால் என்ன செய்ய முடியும். இவற்றுக்குப் பதில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் மன ஆதரவின் பெரும்பகுதி. மனநல மருத்துவரும் மாத்திரையும் அதற்கு அடுத்த படி. அது சிலருக்கு வேண்டும். முதல் படியோ எல்லோருக்கும் வேண்டும். அதைச் செய்யத் தனி அறையோ தனிப் படிப்போ தேவையில்லை. சிஸ்டர், குழந்தையின் அப்பா, அமுச்சி (அம்மாவின் அம்மா), பக்கத்துப் படுக்கைக்காரர் என்று யாரும் செய்யலாம்.

37 வாரம் முடியும் முன் பிறப்பது குறைப்பிரசவம். 32 வாரத்துக்கு முன் என்றால் மிகக் குறைப்பிரசவம், 28-க்கும் முன் என்றால் அதிலும் கடுமையானது. எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறை எடை. இவர்களைத் தவிர, நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, கடும் மஞ்சள் காமாலை, பிறந்ததும் அழாமல் இருந்தது போன்ற காரணங்களால் உள்ளே போகும் குழந்தைகளும் நிறைய. அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுக்கு எஸ்.என்.சி.யு. என்று பெயர். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சுற்றுவட்டாரத் தாலுகா மருத்துவமனைகளிலிருந்து குழந்தைகள் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் காமாலைக் குழந்தை நாலைந்து நாளில் வெளியே வந்துவிடலாம். மிகக் குறைப்பிரசவக் குழந்தை, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியை ஒட்டித்தான் பெரும்பாலும் வீடு போகும். இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்ட குடும்பம் அந்தக் காலத்துக்குத் தயாராகிறது. தெரியாத குடும்பம் "நாளைக்கு விட்டுருவாங்க" என்று தினமும் எதிர்பார்த்துத் தினமும் உடைகிறது.

மனசுக்கு என்ன ஆகிறது

முதல் சில நாட்களில் பெற்றோர் சிலர் அழுதுகொண்டே இருப்பார்கள். சிலர் எதுவுமே நடக்காததுபோல் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டாமவர் "தாங்கிக்கிட்டாங்க" என்று தோன்றும். அப்படி முடிவு கட்ட வேண்டாம். மரத்துப்போவதும் அதிர்ச்சியின் ஒரு வடிவம்தான். இன்னொன்று, அதிர்ச்சியில் இருக்கும்போது கேட்டது மனதில் நிற்காது. டாக்டர் பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னதில் ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கும், அதுவும் பயமுறுத்திய வார்த்தையாகத்தான் இருக்கும். அதனால் ஒரே விஷயத்தை இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்கிறவர்களும் "நேத்தே சொன்னனே" என்று சலித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து வருவது குற்ற உணர்ச்சி. பஸ்ஸில் போனது, பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்தது, பப்பாளி தின்றது, கிரகணத்தன்று வெளியே வந்தது என்று அம்மா ஒவ்வொன்றாகத் தேடித் தன்மேல் போட்டுக்கொள்வாள். குறைப்பிரசவத்துக்கு ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் குழந்தை, கர்ப்பப்பை வாய் பலவீனம் போன்ற மருத்துவக் காரணங்கள் இருக்கலாம். பலருக்கு எந்தக் காரணமும் பிடிபடுவதே இல்லை. கிரகணம் காரணமாக இருப்பதில்லை. இதை டாக்டர் வாயால், கணவனும் மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது, ஒருமுறை தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொன்னால் வீட்டில் இருக்கும் பேச்சு மாறாது.

"ஏழாம் மாசக் கொழந்த தங்கும், எட்டாம் மாசக் கொழந்த தங்காது" என்ற பேச்சையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். அது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பலம். 34 வாரக் குழந்தைக்கு 30 வாரக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், குறைவல்ல. எட்டாம் மாதத்தில் பெற்றவளின் காதில் இந்தப் பேச்சு விழுந்தால், நன்றாகத் தேறிவரும் குழந்தையைக்கூட அவள் நெருங்கப் பயப்படுவாள். போகப்போகிற குழந்தை என்று மனம் முன்கூட்டியே விலகிக்கொள்ளும்.

அம்மா ஒரு ஊர், குழந்தை ஒரு ஊர்

கொங்குப் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். வால்பாறை எஸ்டேட்டில் இருக்கும் குடும்பம் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து கோவை போக வேண்டும். தாளவாடிக்காரர்கள் திம்பத்தின் 27 வளைவு இறங்கினால்தான் சத்தியமங்கலம். குழந்தையை 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிசேரியன் ஆன அம்மா, பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே கிடக்கிறாள். கணவன் குழந்தையோடு போய்விடுகிறான். இரண்டு மூன்று நாள் அவள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. கேட்டால் "நல்லா இருக்குது" என்று மட்டும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் முகம் வேறு சொல்கிறது. குழந்தை இறந்துவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்றே பல பெண்கள் நம்பிவிடுகிறார்கள்.

இதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றும் முன், ஸ்ட்ரெச்சரில் இருக்கும் அம்மாவுக்கு அரை நிமிடம் காட்டிவிட்டு எடுத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையின் நிலை இடம் கொடுத்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்ததும் அப்பா, பிரிவில் அனுமதி வாங்கி, முகம் தெரியும்படி ஒரு படமும் கையோ காலோ அசைவது தெரியும்படி பத்து நொடி வீடியோவும் எடுத்து அனுப்பட்டும். அதற்கு முன், என்னென்ன குழாய் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட வேண்டும். "மூக்குல சின்ன டியூப் ரெண்டு இருக்கும், அது மூச்சுக்கு. வாயில ஒண்ணு, அது பாலுக்கு. கால்ல செவப்பா எரியறது ஆக்சிஜன் பாக்கற லைட்டு." இப்படிச் சொன்ன பிறகு பார்த்தால் கண் முதலில் குழந்தையிடம் போகும். சொல்லாமல் காட்டினால் குழாய்கள்தான் தெரியும்.

துவைத்த சின்னப் பருத்தித் துணி ஒன்றை ஓர் இரவு அம்மா தன் நெஞ்சோடு வைத்திருந்து, பிரிவு அனுமதித்தால், குழந்தையின் அருகே வைக்கலாம். குழந்தைகள் அம்மாவின் வாசனையை அடையாளம் கண்டுகொள்ளும். அம்மாவுக்கும் தன்னுடையது ஒன்று அங்கே இருக்கிறது என்ற நிம்மதி.

எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மாவைச் சீக்கிரம் குழந்தை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவளையும் அதே மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று முதல் நாளே கேட்க வேண்டும். "பத்து நாள் படுத்துட்டுப் போலாம்", "தீட்டுக் கழியட்டும்" என்று வீட்டில் நிறுத்திவைப்பது அவளுக்கும் நல்லதல்ல, பாலுக்கும் நல்லதல்ல.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இன்றைய எடை எத்தனை கிராம், பால் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, அது டியூப் வழியா, பாலாடைச் சங்கிலா, நேரடியா, மூச்சுக்கு என்ன உதவி, இன்று டாக்டர் செய்யப்போவது என்ன. தினமும் இவ்வளவு போதும். கடைசியில், "நான் புரிஞ்சுக்கிட்டதச் சொல்றனுங்க டாக்டர், செரியான்னு பாருங்க" என்று திரும்பச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முடிந்தவரை அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே கேட்க வேண்டும். நம் குடும்பங்களில் டாக்டரிடம் பேசுவது மாமனாராகவோ பெரியப்பாவாகவோ இருக்கும். வெளியே வந்து, "அவகிட்டச் சொல்லாதீங்க, தாங்க மாட்டா" என்று ஒரு தீர்மானம் போடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்யும் மிகப் பெரிய தவறு இதுவே என்று உறுதியாகச் சொல்லலாம். மறைத்தது தெரியவரும் நாளில், அதற்குப் பிறகு சொல்லும் நல்ல செய்தியையும் அவள் நம்ப மாட்டாள்.

எடை முதல் வாரத்தில் குறையும். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இறங்கலாம், இரண்டு வாரம் வாக்கில் பழைய எடைக்கு வரும். இது தெரியாவிட்டால் 1,400 கிராம் 1,260 ஆனதைப் பார்த்து வீடே துக்க வீடாகிவிடும். மானிட்டர் சத்தமும் அப்படித்தான். குழந்தை காலை உதறினால், ஒட்டியிருக்கும் சென்சார் நழுவினால், பாதம் குளிர்ந்திருந்தால்கூட அலாரம் அடிக்கும். ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அளவை 100-ல் வைக்க மாட்டார்கள். 90 முதல் 95 வரைதான் குறி, ஏனென்றால் அதிக ஆக்சிஜன் விழித்திரையைப் பாதிக்கும். எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பாருங்கள். பயமாக இருந்தால் சிஸ்டர் முகத்தைப் பாருங்கள். அவர் நிதானமாக நடந்து வந்தால் அது அவசரம் இல்லை.

கை, குரல், பால், நெஞ்சு

பெற்றோரைப் பார்வையாளராக நிறுத்தாமல் பராமரிப்பில் சேர்த்துக்கொள்வதே இன்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வழி. இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2017-ல் இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 'குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு' என்று அதைச் சொல்லலாம். கைகழுவி உடை மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்து, பெற்றோரையோ வீட்டார் ஒருவரையோ உள்ளே அனுமதிப்பது அதன் அடிப்படை. கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளில் 26 பிரிவுகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், தினமும் குறைந்தது 6 மணி நேரம் பெற்றோர் உடனிருந்து கவனித்த குழந்தைகள் கூடுதலாக எடை போட்டன. பெற்றோரின் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. உங்கள் மருத்துவமனையில் "உள்ள வரக் கூடாது" என்றால், சண்டை போடாமல், "எத்தனை மணிக்கு வரலாமுங்க, வந்தா நாங்க என்ன வேலை செய்யலாமுங்க" என்று கேளுங்கள். வேலை கேட்கிறவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது.

போகும் முன் மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். தலையில் பூ வேண்டாம். செல்போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். பண்ணாரியிலிருந்தோ மருதமலையிலிருந்தோ கொண்டுவந்த திருநீறு அம்மாவின் நெற்றியில் இருக்கட்டும், குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்குள் வேண்டாம். சாமி நம்பிக்கையைக் கேலி செய்யும் ஊழியரும், பொட்டலத்தை ரகசியமாக உள்ளே வைக்கும் உறவினரும் இரண்டு பக்கத்துத் தவறுகள்.

தொடுவதற்கு ஒரு முறை உண்டு. விரலால் தடவுவது, தட்டிக் கொடுப்பது குறைமாதக் குழந்தைக்குத் தொந்தரவு. அதன் தோலும் நரம்பும் அதற்குத் தயாராக இல்லை. கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையை உச்சந்தலையைச் சுற்றியும் இன்னொரு கையை மடக்கிய பாதங்களைச் சேர்த்தும் அசையாமல் வையுங்கள். கருப்பைக்குள் இருந்தது போன்ற அணைப்பு அது. எடுக்கும்போது ஒவ்வொரு கையாக மெல்ல எடுக்க வேண்டும். ஊசி போடும்போது அம்மாவோ அப்பாவோ இப்படிப் பிடித்திருந்தால் குழந்தையின் வலித் துடிப்பு குறைகிறது. குழந்தை விரல்களை விரித்தால், விக்கினால், கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால் "போதும்" என்று சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட அம்மாவுக்கு, தன் குழந்தையைத் தனக்குத் தெரியும் என்ற எண்ணம் வருகிறது. எந்த ஆலோசகரும் பேசிக் கொடுக்க முடியாத தெம்பு அது.

குரலைத் தாழ்த்தி, ஒரே மாதிரி, கொஞ்ச நேரம் பேசுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தோட்டத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். தாலாட்டும் பாடலாம்.

பால் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குழந்தை குடிக்காவிட்டாலும் பிரசவமான முதல் ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்ச ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, இரவிலும் ஒரு முறையாவது பீய்ச்ச வேண்டும். முதல் இரண்டு நாள் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். அந்தச் சொட்டுகளை "இதென்ன, பாலே இல்லையே" என்று யாராவது சொன்னால் அவள் மனம் விட்டுவிடும். ஆனால் மிகச் சிறிய குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு வேண்டியதே ஒன்றிரண்டு மில்லிதான். பால் சுரப்பது ஒரு ஹார்மோனால், வெளியே வருவது இன்னொன்றால். பயமும் வலியும் அந்த இரண்டாவதைத் தற்காலிகமாகத் தடுக்கும். பால் உள்ளே இருந்தும் இறங்காது. அதனால்தான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தோ, அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோ, முதுகை யாராவது தேய்த்துவிடும்போதோ பீய்ச்சினால் நன்றாக வருகிறது. டப்பாவில் பெயர், தேதி, மணி எழுதி, பிரிவு சொன்ன முறையில் குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். கொங்கு வெயிலில் வெளியே வைத்துவிட்டு, பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வருவது ஆகாது. ஐஸ் பேக் வைத்த பெட்டி வேண்டும். பாலே போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி உண்டு, கோவை அரசு மருத்துவமனையிலும் இருக்கிறது. அங்கிருந்து வாங்குவது தோல்வி ஆகாது. சேனை தொட்டுவைக்கிறேன், சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு என்று யாரும் கிளம்ப வேண்டாம். குறைமாதக் குடலுக்கு அது ஆபத்து.

அடுத்தது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்வது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு, நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே தொடங்கியதில், முதல் 28 நாளில் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைந்தது. ஐந்து நாடுகளில் நடந்த அந்த ஆய்வில் இந்தியாவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2022-ல், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு செய்யச் சொல்கிறது.

செய்முறை இதுதான். அம்மா குளித்து, முன்பக்கம் திறக்கும் நைட்டியோ ரவிக்கையோ போட்டுக்கொள்ள வேண்டும். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா என்று பலரும் கேட்கத் தயங்கி, அதனாலேயே கங்காருவைத் தள்ளிப்போடுகிறார்கள். கழற்ற வேண்டாம், முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். குழந்தைக்கு நாப்கின், தொப்பி, காலுறை மட்டும். இரண்டு மார்புக்கு நடுவே நிமிர்ந்தபடி, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், கை கால்கள் தவளை மாதிரி மடங்கி இருக்க வேண்டும். மேலே பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக் கட்டி, அம்மா சாய்ந்து உட்கார வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். எடுப்பதும் வைப்பதும் குழந்தைக்குச் சிரமம் என்பதால் பத்து நிமிடத்தில் எடுப்பது பயன் தராது. கழுத்து முன்னால் மடிந்தால் மூச்சுக்குழாய் அடைபடும், இதை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். அப்பாவும் செய்யலாம், அமுச்சியும் செய்யலாம். சட்டையைக் கழற்றி நெஞ்சில் ஒரு முறை போட்டுக்கொண்ட அப்பா, அதற்கப்புறம் பில் கட்ட மட்டும் வருகிறவராக இருக்க மாட்டார்.

அப்பாவும் சுற்றமும்

அப்பாக்களை யாரும் "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்பதில்லை. மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடி, இரண்டு ஊருக்கும் பைக்கில் போய், தறிக்கும் கம்பெனிக்கும் பதில் சொல்லி, இரவு ஆஸ்பத்திரி வாசலில் துண்டை விரித்துப் படுக்கிறவர் அவர். அவருக்கும் மனச்சோர்வு வரும். அழுகையாக வராமல் எரிச்சலாக, குடியாக, ஆளைப் பார்க்காமல் ஒதுங்குவதாக வரும். மாமனோ நண்பனோ ஓர் இரவு பொறுப்பை எடுத்துக்கொண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பி ஆறு மணி நேரம் தூங்கவிடுவது பெரிய உதவி.

உறவினர்களுக்குச் செய்தி சொல்ல ஒரே ஆளை நியமியுங்கள். தினமும் மாலையில் அவர் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடட்டும். மற்றவர்கள் யாரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்ய வேண்டாம். உதவ நினைப்பவர்கள் சோறு கொண்டுவரலாம், மூத்த குழந்தையைப் பள்ளியில் விடலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். மூத்த குழந்தைக்கும் உண்மையைச் சின்னதாகச் சொல்ல வேண்டும். "பாப்பா சீக்கிரம் பொறந்துருச்சு, பெலம் வர்ற வரைக்கும் டாக்டர்கிட்ட இருக்குது. நீ ஒண்ணும் தப்புச் செய்யல." கடைசி வரி ஏன் என்றால், தம்பி தங்கை வேண்டாம் என்று எப்போதோ சொன்ன குழந்தை அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்ளும்.

"பொம்பளப் புள்ளைக்கா இத்தன செலவு" என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் எழுகிறது. அதை அம்மாவின் காதுக்கு வராமல் தடுப்பது போதாது. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியது அப்பாவின் பொறுப்பு.

திருப்பூரில் ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அமுச்சியும் இல்லை, மொழியும் இல்லை. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை டாக்டர் பேசும் நேரத்துக்கு வரவைப்பதே அவர்களுக்கு முதல் மன ஆதரவு.

ஏற்கனவே இதே பிரிவிலிருந்து குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோன ஓர் அம்மாவோடு பேசவைப்பதும் நல்ல பலன் தரும். மறுபரிசோதனை நாளில் அவர்கள் வருவார்கள், சிஸ்டரிடம் கேட்டால் அறிமுகம் செய்துவைப்பார். ஏறக்குறைய அதே வாரத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் நல்லது. மருந்து யோசனை மட்டும் அவர்களிடம் கேட்க வேண்டாம்.

மருத்துவ உதவி எப்போது வேண்டும்

பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நாளும் சோர்வு, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, குழந்தையைப் பார்க்கப் போக மனமில்லாமை, "நான் இருந்து என்ன" என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேலும் மானிட்டர் சத்தம் காதில் கேட்பது, அந்த நாள் கண்முன் திரும்பத் திரும்ப வருவது, ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் தவிர்ப்பது இருந்தால் அது அதிர்ச்சிக்குப் பின்வரும் பாதிப்பு. வீடு போன பிறகுகூட இது தலைகாட்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கவனிக்க 1987-ல் உருவான எடின்பரோ கேள்விப்பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டாலே மறுபடி பார்க்க வேண்டும், 13-ம் அதற்கு மேலும் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பட்டியல் நோயைக் கண்டுபிடித்துவிடாது, யாரை விரிவாக விசாரிக்க வேண்டும் என்று காட்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும், அவளைத் தனியே விடக் கூடாது. முதல் வாரத்தில் ஒரு முறையும் வீடு போகும் முன் ஒரு முறையும் அம்மா, அப்பா இருவருக்குமே இதைக் கேட்பது நல்லது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். தனியாகக் கேட்க வேண்டும்.

தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவை பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பேய், செய்வினை என்று மந்திரிக்கப் போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் உண்டு, செர்ட்ரலின் அப்படி ஒன்று. மாத்திரைக்காகப் பாலை நிறுத்தவோ, பாலுக்காக மாத்திரையை மறுக்கவோ வேண்டாம். பாலூட்டுவதை டாக்டரிடம் சொன்னால் போதும்.

பணமும் மனசும் ஒட்டியே இருப்பவை. தனியார் மருத்துவமனை என்றால் ஒரு நாளைக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும், முதலமைச்சர் காப்பீடு செல்லுமா என்று முதல் நாளே கேளுங்கள். பத்தாம் நாள் நகை அடகு வைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ரத்தம், பரிசோதனை, வாகனம் எல்லாம் இலவசம். மில், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், தகுதி நாட்கள் நிறைந்திருக்கும்போது 26 வாரப் பேறுகாலப் பயன் உண்டு. குறைப்பிரசவத்தால் உடல்நலக் குறைவு என்று சான்று இருந்தால் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்தது), ஆதார், ரேஷன் கார்டு நகல்களை ஒரே கவரில் போட்டு அப்பாவின் பையில் வைத்துவிடுங்கள்.

குழந்தை தங்காது என்று தெரிந்தால்

எல்லாக் குழந்தையும் வீடு வருவதில்லை. அந்த நேரத்தில் நம் பக்கம் வழக்கம், அம்மாவுக்குக் காட்டாமல் அவசரமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிடுவது. அவளுக்குத் துக்கம் குறையட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் பார்க்காத முகத்தை அவள் பல வருடம் தேடிக்கொண்டிருப்பாள். அவளிடம் கேளுங்கள். "பாக்கறயா, மடில வெச்சுக்கறயா" என்று ஒரு முறை கேட்டு வேண்டாம் என்றால், அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். முடிந்தால் குழாய்களை எடுத்துவிட்டு, துணி சுற்றி, அப்பாவும் கூட இருக்கக் கொடுங்கள். பெயர் வைக்க விரும்பினால் வைக்கலாம். ஒரு படமும் பாதத்தின் மை அச்சும் எடுத்து, இப்போது வேண்டாம் என்றாலும் உறவினர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் வாக்கில் மார்பில் பால் கட்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அது இன்னொரு அடியாக விழுகிறது. இறுக்கமில்லாமல் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம், வலி தெரியாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிடுவது போதும். நிறுத்த மாத்திரையும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம். "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "ஆண்டவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்" என்ற இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பத்தியச் சோற்றை, குழந்தை இல்லை என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். பிரசவித்த உடம்பு அது.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் என்றதும் சந்தோஷத்தோடு பயமும் வரும். மானிட்டர் இல்லாமல் தெரியுமா, இரவில் மூச்சு நின்றால் என்ன செய்வது என்று. அதனால் போகும் முன் ஒன்றிரண்டு நாள், மருத்துவமனையிலேயே அம்மா முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். பால் குடிக்க மறுத்தல், உடம்பு சில்லிடுதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள், வலிப்பு ஆகிய அறிகுறிகளை எழுதி வாங்கி, அமுச்சிக்கும் படித்துக் காட்டுங்கள். கங்காருவை வீட்டிலும் தொடரலாம். குழந்தை 2.5 கிலோ வாக்கில் தானே நெளிந்து வெளியே வரப் பார்க்கும், அப்போது நிறுத்தினால் போதும்.

பார்க்க வருகிறவர்களை முதல் மாதம் வாசலோடு நிறுத்துவது அப்பாருவின் (தாத்தாவின்) வேலையாக இருக்கட்டும். பெரியவர் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "பக்கத்து ஊட்டுக் கொழந்த உக்காருது, இதென்ன இன்னும் கவுந்து படுக்கல" என்ற ஒப்பீடு வரும். குறைமாதக் குழந்தைக்கு வயதைக் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்தது ஆறு மாதத்தில் நாலு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு வயது வரை இந்தக் கணக்கு.

34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. காது பரிசோதனை, வளர்ச்சிப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாவற்றின் தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் பிரசவத்துக்குப் பின் 6-ம் வாரம், 3-ம் மாதம், 6-ம் மாதம் என்று மூன்று தேதி அம்மாவின் மனநிலையைக் கேட்பதற்கும் குறித்து வையுங்கள். கேட்க வேண்டியவர் யார் என்றும் பக்கத்தில் பெயர் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.